கொல்லைப்புற பிளக் பாயிண்டுக்கு மழைமூடி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீடு கடலூரில். கொல்லைப்புறச் சுவரில், வாஷிங் மெஷினுக்காக 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று இருக்கிறது. போன ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே இறங்கி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தூக்கிவிடத் தூக்கிவிட விழுந்துகொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு, பெட்டிக்குள் அரை விரல் தண்ணீர். அம்மா ஈரக்கையோடு புழங்கும் இடம் அது. நினைத்தாலே பகீரென்கிறது.

சாக்கெட்டை மாற்றிவிட்டேன். ஐபி 55 (தூசியும் பீய்ச்சும் நீரும் தாங்கும் தரம்) மூடியும் வாங்கியாயிற்று. மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு நானே பொருத்தப் போகிறேன். ஆனால் பிளக்கைச் செருகினால் மூடி பாதியில் நிற்கிறது. மூடியிருந்தால்தானே அந்த ஐபி 55க்கு அர்த்தம்? 16 ஆம்பியர் பிளக் செருகியபடியே முழுக்க மூடுகிற, ஆழமான மூடி யாராவது போட்டிருக்கிறீர்களா? ஒயர் வெளியேறும் வழி அடியில் இருக்க வேண்டும்.

அப்புறம், சுவர் சொரசொரப்பான பூச்சு. ரப்பர் கேஸ்கட் ஒட்டி உட்காரவில்லை. மேலேயும் இரண்டு பக்கமும் சிலிகான் அடித்து, உள்ளே சேரும் நீர் வடிய அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா, அல்லது பூச்சைத் தேய்த்துச் சமமாக்குவது நல்லதா?

ஒயர் வரும் குழாயும் மேலிருந்துதான் பெட்டிக்குள் வருகிறது. அதன் வழியாகவும் தண்ணீர் இறங்குமோ என்று சந்தேகம். சுவரை உடைக்காமல் அதை அடைக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். பொருத்திய படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.