நிரோதி சேர்த்த மருந்தை எடுத்த எடுப்பில் எழுதலாமோ?

பண்ணைக்கடல் எழுதியது:
625 குளிசையை யாழ்ப்பாணத்தில் அறியாத வீடு குறைவு. அமொக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். பற்றீரியா சுரக்கிற பீற்றா-லக்ரமேஸ் நொதியம் மருந்தின் வளையத்தை உடைக்கும், கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியத்தில் போய்ச் சிக்கி அதை முடக்கும், அமொக்சிசிலின் தப்பும். இப்படி நொதியத்தை முடக்குகிறதுதான் நிரோதி. 1981 தொடக்கம் பாவனையில் இருக்கிற மருந்து. இது கையில் இருக்க, வெறும் அமொக்சிசிலினை எழுதிவிட்டு ஏன் மூன்று நாள் பார்த்திருக்கவேணும்? வாட்டிலும் அப்படித்தான். ஈஎஸ்பிஎல் கிருமிக்கு, அதாவது செப்ரியாக்சோன் போன்ற மருந்துகளையும் உடைக்கிற பீற்றா-லக்ரமேஸ் உள்ள கிருமிக்கு, பிப்பரசிலின்-ரசோபக்ரம் (ரசோபக்ரமும் ஒரு நிரோதி) கேட்கும் என்று அறிக்கை வந்தால் மெரோபெனெமைத் தொடக்கூடாது. அது கடைசிக் கையிருப்பு. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவேணும்.

ஏகார்த்தட்டு எழுதியது:
முதற்பாதியை மறுக்கிறேன். நிரோதி என்பது பூட்டுக்குள் முறிந்துபோன திறப்பு. பூட்டே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. தொண்டை நோவைத் தரும் ஸ்ரெப்ரோகொக்கஸ் பயோஜீனஸ் பீற்றா-லக்ரமேஸ் சுரப்பதில்லை, பெனிசிலின் இன்றும் அதற்குப் போதும். நிமோகொக்கஸின் எதிர்ப்பு, பெனிசிலின் ஒட்டுகிற புரதம் மாறுவதால் வருவது. அங்கே அமொக்சிசிலினின் அளவைக் கூட்டினால் பலன் உண்டு, கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்தால் ஒன்றும் இல்லை. மெதிசிலினுக்குக் கேட்காத ஸ்ரபிலோகொக்கஸான எம்ஆர்எஸ்ஏயும் அப்படித்தான், மெக்-ஏ மரபணு தருகிற புரதத்தை எந்த நிரோதியும் திருத்தாது. எங்கே பலன்? ஹீமோபிலஸ், மொரக்செல்லா, பெனிசிலினை உடைக்கிற ஸ்ரபிலோகொக்கஸ், காற்றின்றி வாழும் கிருமிகள். நாய்க்கடிக் காயத்துக்கு இதை எழுதினால் நான் கேள்வி கேட்கமாட்டேன். என்ரரோபக்ரர் இனத்தில் நிலைமை தலைகீழ்: கிளாவுலானிக் அமிலம் ஆம்ப்-சி என்ற வேறுவகைப் பீற்றா-லக்ரமேஸ் நொதியத்தை முடக்காது, அதைக் கூடுதலாகச் சுரக்கவே தூண்டும்.

கோப்பாய்ப் பாமசி எழுதியது:
வாதம் நடக்கட்டும், குளிசை கைமாறும் இடத்தில் நடக்கிற பிழைகளையும் சொல்லவேணும். 625 இல்லை என்று இரண்டு 375 கொடுப்பது பிழை. 375 இல் இருப்பது 250-உம் 125-உம். இரண்டு போட்டால் அமொக்சிசிலின் 500 சரி, கிளாவுலானிக் அமிலம் 250 ஆகிவிடும். வயிற்றோட்டம் பெரும்பாலும் அதனால்தான். சாப்பாடு தொடங்கும்போது விழுங்கச் சொல்லுங்கோ.

கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரப்பதன் ஆகாது. குளிசையை அலுமினியத் தாளிலிருந்து பிரித்துக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தால், எங்கள் கடற்கரைக் காற்றில் அமொக்சிசிலின் மிஞ்சும், நிரோதி சிதைந்துபோகும். தாளோடு வெட்டிக் கொடுங்கோ.

பிள்ளைகளின் பாணிமருந்தில் இன்னும் கவனம். 457 என்றால் 5 மில்லிலீற்றரில் 400-உம் 57-உம். 156 என்றால் 125-உம் 31.25-உம். ஒன்றுக்குப் பதில் மற்றதை அளவு பார்த்து மாற்ற ஏலாது: 156 இலிருந்து 400 மில்லிகிராம் அமொக்சிசிலின் எடுக்க 16 மில்லிலீற்றர் வேணும், அதோடு கிளாவுலானிக் அமிலம் 100 மில்லிகிராம் போய்ச்சேரும். கொதித்து நன்றாக ஆறின தண்ணீரில் கரைக்கவேணும், சுடுதண்ணீரில் அல்ல. கரைத்தபின் 2 முதல் 8 பாகை செல்சியசில் ஏழு நாள்தான். பத்து நாள் மருந்து என்றால் இரண்டாவது போத்தலை முதலாவது முடிந்தபிறகு கரையுங்கோ. வயதானவர்களுக்கு, மருந்து முடிந்து சில கிழமை கழித்துக்கூட செங்கண்மாரி வரலாம். அதைச் சொல்லாமல் விடவேண்டாம்.

பண்ணைக்கடல் எழுதியது:
தொண்டை நோவை ஏற்றுக்கொள்கிறேன், அங்கே என் பேச்சு எல்லை மீறியது. பிப்பரசிலின்-ரசோபக்ரம் பற்றிச் சொன்னதை ஒருவரும் தொடவில்லை.

இரவுக்கடமை எழுதியது:
நான் தொடுகிறேன் அண்ணை. 2018 இல் வந்த மெரினோ ஆய்வு. இரத்தத்தில் ஈ.கோலி அல்லது கிளெப்சியெல்லா, செப்ரியாக்சோனுக்குக் கேட்காதவை, பிப்பரசிலின்-ரசோபக்ரத்துக்குக் கேட்கும் என்று அறிக்கை வந்தவை. நீங்கள் சொன்ன அதே நிலைமை. 30 நாளுக்குள் இறந்தவர்கள்: பிப்பரசிலின்-ரசோபக்ரம் பெற்ற 187 பேரில் 23, மெரோபெனெம் பெற்ற 191 பேரில் 7. அதாவது 12.3 சதவீதமும் 3.7 சதவீதமும். ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

பண்ணைக்கடல் எழுதியது:
அந்த எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பது நியாயம் இல்லை. அங்கே 4.5 கிராமை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 30 நிமிடத்தில் ஏற்றினார்கள். பீற்றா-லக்ரம் மருந்துக்கு, அதாவது பெனிசிலின் குடும்பத்து மருந்துக்கு, தேவை நேரம். நான்கு மணித்தியாலமாக ஏற்றினால் இரத்தத்தில் மருந்தின் செறிவு தேவையான மட்டத்துக்கு மேலே கூடுதல் நேரம் நிற்கும். பிறகு மாதிரிகளைக் குழம்பு நீர்ப்பாக்க முறையில் (மருந்தைப் படிப்படியாக நீர்த்து வளர்ப்புக் குழம்பில் கிருமி வளருதா என்று பார்ப்பது) திரும்பச் சோதித்தபோது, கேட்கும் என்று எண்ணிய சில கிருமிகள் உண்மையில் கேட்காதவை என்று தெரிந்தது. அவற்றை நீக்கினால் இடைவெளி குறைகிறது.

ஏகார்த்தட்டு எழுதியது:
அதுதான் என் பயமும். அந்தக் கிருமிகள் பலவற்றில் சிரிஎக்ஸ்-எம் என்ற ஈஎஸ்பிஎல் நொதியத்தோடு ஒக்சா-1 என்ற இன்னொன்றும் இருந்தது. ரசோபக்ரம் முதலாவதை முடக்கும், இரண்டாவதைச் சரியாகப் பிடிக்காது. ஒரு பூட்டுக்குள் திறப்பு முறிந்தது, மற்றப் பூட்டு வேலை செய்கிறது. ஆய்வுகூட நியமங்களை வகுக்கிற அமெரிக்க நிறுவனமான சிஎல்எஸ்ஐ 2022 இல் "கேட்கும்" என்ற எல்லையை மில்லிலீற்றருக்கு 16 இலிருந்து 8 மைக்ரோகிராமுக்கு இறக்கியது. பழைய அட்டவணையை வைத்து வலயத்தை (மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) வாசிக்கிற ஆய்வுகூடம் உங்களுக்கு உங்கள் விருப்பப்படி அறிக்கை தரும், நோயாளிக்குத் தராது.

ஈஎஸ்பிஎல் உறுதிப்படுத்தும் சோதனையும் அவசரத்தில் பிழைக்கும். 0.5 மக்பார்லண்ட் (கலங்கலின் அளவுகோல்) அளவுக்குக் கிருமிக் கலங்கல், 4 மில்லிமீற்றர் தடித்த முல்லர்-ஹின்ரன் ஏகார், செபோராக்சிம் 30 மைக்ரோகிராம் வில்லை ஒன்று, அதே அளவோடு கிளாவுலானிக் அமிலம் 10 சேர்ந்தது இன்னொன்று, 35 பாகை, 16 முதல் 18 மணித்தியாலம். சேர்ந்த வில்லையின் வலயம் 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெருத்தால் ஈஎஸ்பிஎல். வில்லைக் குப்பியைக் குளிரில் இருந்து எடுத்த உடனே திறந்தால் ஈரம் படிந்து கிளாவுலானிக் அமிலம் கெடும். மின்வெட்டு நீண்டாலும் அப்படியே. அப்போது ஈஎஸ்பிஎல் இருந்தும் வலயம் பெருக்காது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஈஎஸ்பிஎல் உண்டு என்று தெரிந்த ஒப்பீட்டுக் கிருமியான கிளெப்சியெல்லா 700603 ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

இரவுக்கடமை எழுதியது:
நான்கு மணித்தியால ஏற்றத்தில் ஒரு ஓட்டை உண்டு. 100 மில்லிலீற்றர் பையில் கலந்து ஏற்றினால் முடிவில் 15 முதல் 20 மில்லிலீற்றர் குழாயிலேயே தங்கும். அதைக் கழற்றி எறிந்தால் மருந்தில் ஆறிலொரு பங்கு போய்விடும். அதே வேகத்தில் சேலைன் விட்டுத் தள்ளவேணும். ஜென்ராமைசினை அதே பையில் கலக்கக்கூடாது, பிப்பரசிலின் அதைச் செயலிழக்கச் செய்யும். முதல் மருந்தை மாத்திரம் 30 நிமிடத்தில் ஏற்றுங்கோ, இல்லாவிட்டால் செறிவு ஏறவே நேரம் எடுக்கும்.

வல்லைவெளி எழுதியது:
மெரோபெனெமையும் உடைக்கிற என்டிஎம் நொதியம் வந்தால் எந்த நிரோதி?

ஏகார்த்தட்டு எழுதியது:
தனியாக ஒன்றும் போதாது தம்பி. அது நாகம் (zinc) என்ற உலோகத்தை வைத்து உடைக்கும் நொதியம், அவிபக்ரம் என்ற நிரோதி அதைப் பிடிக்காது. அஸ்ரியோனம் என்ற மருந்தை என்டிஎம் உடைக்க ஏலாது, ஆனால் கூடவே இருக்கிற ஈஎஸ்பிஎல் உடைக்கும். அந்த ஈஎஸ்பிஎல்லை அவிபக்ரம் பிடிக்கும். ஆகவே செப்ரசிடிம்-அவிபக்ரம் 2.5 கிராம், அஸ்ரியோனம் 2 கிராம், இரண்டும் ஒரே நேரத்தில், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒன்று முடிந்து மற்றது என்றால் சந்திக்க வேண்டிய இரண்டும் சந்திக்காது. முன்கூட்டிப் பார்க்க நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 2 மில்லிலீற்றர் குழம்பு: ஒன்றில் அஸ்ரியோனம் வில்லை, ஒன்றில் செப்ரசிடிம்-அவிபக்ரம் வில்லை, ஒன்றில் இரண்டும், ஒன்றில் வில்லை இல்லை. மருந்து கரைய அரை மணித்தியாலமாவது விட்டுக் கிருமியை இடுங்கோ. இரண்டு வில்லையும் உள்ள குழாய் மறுநாள் தெளிவாக இருந்தால் சேர்க்கை கேட்கும்.

பண்ணைக்கடல் எழுதியது:
இரத்தத் தொற்றில் மெரோபெனெம்தான், விட்டுக்கொடுக்கிறேன். சலப்பையோடு நிற்கிற தொற்றில், காய்ச்சல் இல்லாமல், தொடங்கின பிப்பரசிலின்-ரசோபக்ரத்தில் நோயாளி தேறிவிட்டால் அறிக்கையைப் பார்த்து மாற்றமாட்டேன். சலத்தில் மருந்தின் செறிவு பலமடங்கு.

இரவுக்கடமை எழுதியது:
அதற்கு நானும் சம்மதம். முதுகுப்பக்கம் நோவோ நடுக்கமோ தொடங்கினால் அன்றைக்கே இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு மாற்றுங்கோ.