பெக்கோ டிரெயில் நடக்க மலையேறிய பழக்கம் போதுமா?

கேள்வி:
வணக்கம். நானும் நண்பர்களும் சீசனில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள். இப்போது மலையகத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் பெக்கோ டிரெயில் நடைபாதையில் ஐந்தாறு கட்டங்களைத் தொடர்ந்து நடக்க ஆசை. மலையேறுகிறவர்களுக்கு இது சும்மா நடைதானே? தனியாக ஏதும் பழக வேண்டுமா?

பதில் (அட்டன் அக்கா):
தம்பி, கட்டாயம் பழக வேண்டும். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். ராத்திரி ஏறி, சூரியோதயம் பார்த்து இறங்கினால் முடிந்தது. கால் வலித்தால் மறுநாள் படுத்துக்கொள்ளலாம். பெக்கோ டிரெயில் கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, 22 கட்டம். நேற்றைய வலியோடுதான் இன்று காலை கிளம்ப வேண்டும். அதனால் முதல் நாள் தெம்பு இருந்தாலும் வேகம் வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முதுகில் பையோடு 12 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஞாயிறு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த கடையில் பார்க்கலாம் என்று விட்டால் கொப்புளமாகிவிடும்.

அப்புறம் ஒன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பாதையில்தான் வருகிறது. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்த நம் ஆட்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிரை (தேயிலைச் செடி வரிசை) பிடித்துக் கொழுந்தெடுக்கும் இடத்தில் கான் (வடிகால்) ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்தைத் தாண்டும்போது நின்று நாலு வார்த்தை பேசுங்கள். உச்சிக்கு ஓடுகிற அவசரம் இல்லாததால் அதற்கு நேரம் கிடைக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போவதே அதற்காகத்தான்.

பதில் 2:
அக்கா இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். மழைக்காலத்தில் காலுறைமேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தால் தள்ளிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. பரவாயில்லையா?

அட்டன் அக்கா:
மே முதல் செப்டம்பர் வரை எங்கள் அட்டன் பக்கம் நல்ல மழை, பாதை சறுக்கும். அப்புத்தளை, எல்ல பக்கம் அப்போது காய்ந்திருக்கும். அந்தக் கட்டங்களை எடுங்கள். அங்கே லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்குப் போவதானால் விடியலிலேயே போங்கள், பிறகு மேகம் மூடிவிடும்.