வண்ணக் கண்ணாடி பற்றவைக்கும்போது தொண்டை எரிகிறது, ஈயப் புகையா?

கேள்வி (வீரவநல்லூர்):
வணக்கம். மூன்று மாதமாக வண்ணக் கண்ணாடியில் ஜன்னல் தொங்கல்கள் செய்து பழகுகிறேன். துண்டுகளின் ஓரத்தில் செம்பு டேப் ஒட்டி 60/40 சால்டரால் (உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி) பற்றவைக்கிறேன். ஆனிக் காற்றில் டேப்பும் காகிதமும் பறக்கின்றன என்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். அரை மணி நேரத்தில் தொண்டை எரிகிறது, தலை வலிக்கிறது. துணி மாஸ்க் போட்டும் அதேதான். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். அத்தையோ, "ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம், ஈயம் என்ன செய்யும்?" என்கிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில் (பாளையங்கோட்டை):
விட வேண்டாம்மா. முதலில் ஜன்னலைத் திறங்கள். தொண்டையை எரிப்பது பிளக்ஸ் புகை, சால்டர் நன்றாக ஒட்ட முதலில் செம்பில் தடவுகிறோமே, அதுதான் பிளக்ஸ். கண்ணாடி வேலைக்கு விற்கும் பிளக்ஸ் பலவற்றில் துத்தநாகக் குளோரைடு இருக்கும், சூடுபட்டால் அமிலப் புகை வரும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) வைத்த முகமூடிதான் தடுக்கும்.

சாரல் காற்று நமக்கு மேற்கிலிருந்து வருகிறது. கிழக்கு ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். மேற்கு ஜன்னலை ஒரு சாண் திறந்தால் போதும், காகிதம் பறக்காது, புகையும் முகத்துக்கு வராது.

அத்தை சொல்வது வேறு ஈயம். ரசச் சொம்பு வெள்ளீயம். உங்கள் சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், மீதி 40 பங்கு காரீயம். நஞ்சு காரீயம்தான். அது கொதித்து ஆவியாக 1,749 டிகிரி செல்சியஸ் வேண்டும், நம் பற்றவைக்கும் அயர்ன் 400 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதனால் காரீயம் பெரும்பாலும் மூக்கு வழியாக வராது, கை வழியாக வாய்க்குப் போகும்.

பதில் (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சி சொன்னது சரி. நான் கேட்க நினைப்பது வேறு: எதன்மேல் உட்கார்ந்து செய்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர்:
பத்தமடைப் பாயில்தான் அக்கா. மதியம் மகளும் அதில்தான் படுப்பாள்.

பதில் (அம்பாசமுத்திரம்):
இன்றைக்கே அந்தப் பாயை அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். தெறித்த சால்டர் துளி கோரை இடுக்கில் போய் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது. குழந்தை பாயில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். வளரும் மூளைக்குக் காரீயத்தில் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஒரு அளவே கிடையாது.

மேஜைமேல் பழைய டைல் ஒன்றைப் போட்டு அதில் வேலை செய்யுங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு போட்டால் தூசி கிளம்பும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும். சானிடைசர் காரீயத்தை அகற்றாது. வேலைச் சேலையைத் தனியாகத் துவையுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதே, குழந்தை மருத்துவரிடம் விவரம் சொல்லி இரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கிழக்கு ஜன்னலுக்கு மாறிவிட்டேன், நேற்று தொண்டை எரியவில்லை. பாயைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டேன். பரிசோதனைக்குத் திங்கட்கிழமை போகிறோம். செய்து முடித்த கிளித் தொங்கலை மகள் கையில் கொடுக்கலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்):
வேண்டாம். அவள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அவளுக்கென்றே செய்வதானால் காரீயம் இல்லாத சால்டர் வாங்குங்கள். அது உருக இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.