ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் (கட்டமைப்புப் பொறியியல்) பி.ஜி. படித்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சாய்விரிசல்
லேபில் இரண்டு பீம். அளவு, கான்கிரீட் கலவை, கீழ்க்கம்பி எல்லாம் ஒன்றே. ஒன்றில் மட்டும் ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக்கம்பி) இல்லை. ஸ்டிரப் போட்டது நடுவில் மயிரிழை மயிரிழையாக விரிந்து, கம்பி ஈல்டாகி (மீளாதபடி நீண்டு), தொங்கிக்கொண்டே லோடைத் தாங்கியது. மற்றதில் விரிசலை பென்சிலால் குறிக்கக் குனிந்த சீனியரை லேப் உதவியாளர் தோளைப் பிடித்து இழுத்தார். இழுத்த கையோடு சப்போர்ட்டிலிருந்து லோடு பாயிண்ட் வரை சாய்வாக ஒரே பிளவு, வேட்டுச் சத்தம்போல. ஷியர் (இப்படிச் சாய்வாக வெட்டும் விசை) முன்னறிவிப்பு தராது என்று பரீட்சையில் எழுதியவர்கள்தான் அங்கே நின்ற அத்தனை பேரும். உதவியாளருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மெஷ்காரி
வளைவு விரிசல் லோடு பக்கம் சாயத் தொடங்கியதைப் பார்த்திருப்பார். என்னுடையது வைவாவில் (தீசிஸ் வாய்மொழித் தேர்வில்) நடந்தது. தோழியின் தீசிஸ் பிளாட் ஸ்லாப் (பீம் இல்லாமல் நேராகத் தூண்மேல் நிற்கும் தளம்), சாஃப்ட்வேரில் போட்டது. பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) ஒன்றையும் பார்க்காமல், "மொத்த லோடு எவ்வளவு? ரியாக்‌ஷன்களைக் கூட்டினால் எவ்வளவு?" என்றார். ரியாக்‌ஷன் என்றால் தாங்கிகள் எதிர்த்துத் தாங்கும் விசை; இரண்டு கூட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண் தீசிஸில் எங்குமே இல்லை. அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். சாஃப்ட்வேரை நம்பி அடிப்படையை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

பழைய கைக்கணக்கு
சாஃப்ட்வேரைக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதே, அதில் செல் (அடித்தளத்தின் உள்ளீடற்ற அறை) சுவர்கள் கூடும் இடத்தில் மெஷ் (கணக்கிட மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) சரியில்லாததால் கணக்கில் ஷியர் 47 சதவீதம் குறைவாக வந்தது. கம்பி அமைப்பும் போதவில்லை. பிறகு அதே ஃபைனைட் எலிமென்ட் முறையில் (இப்படிக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது) கவனமாகப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். கருவி சரி, போட்ட விதம்தான் தவறு.

என் கதை சின்னது: கைடு என் மாடலைத் திறக்கவே விடாமல், முதலில் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) எவ்வளவு வரும் என்று தாளில் எழுதச் சொன்னார்.

இப்போது சேருபவர்கள் கேளுங்கள். விடை தெரிந்த ஒரு சிம்பிளி சப்போர்ட்டட் பீமை (இரு முனையிலும் சும்மா தாங்கியது) முதலில் மாடல் செய்யுங்கள். ரியாக்‌ஷனைக் கூட்டுங்கள், வளைந்த உருவத்தைப் பாருங்கள், அப்புறம்தான் ஸ்ட்ரெஸ் (தகைவு). மெஷ் கட்டத்தின் அளவைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். பாயிண்ட் சப்போர்ட்டில் (ஒரே புள்ளியில் தாங்கும் இடம்) மதிப்பு ஏறிக்கொண்டே போனால் பயப்படாதீர்கள், எலாஸ்டிக் கணக்கின் இயல்பு அது. மதிப்பைத் தூணின் முகத்தில் எடுங்கள், அல்லது ஒரு அகலத்துக்குச் சராசரி பாருங்கள். லேப் வேலை என்றால் வார்ப்புக்குப் பின் கான்கிரீட் வலுப்பெற 28 நாள் போய்விடும், சோதனை மெஷினுக்கு இப்போதே தேதி வாங்குங்கள்.

மெஷ்காரி
சரி, சாஃப்ட்வேர் மேல் பழி போட்டதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உங்களுக்கு வாய்த்த கைடு அவளுக்கு வாய்க்கவில்லை. ரியாக்‌ஷனைக் கூட்டிப் பார் என்று முதல் ரிவ்யூவிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். வைவா வரை யாரும் சொல்லவில்லை.