மடிக்கும் தண்ணீர்ப் பை கசிகிறது, மாத்திரை அளவும் புரியவில்லை: அவசரப் பெட்டிக்கு உதவி தேவை

மலைப்பாதை:
வணக்கம் நண்பர்களே. உள்ளங்கை அளவுத் தகர டப்பாவில் அவசரத்துக்கான பெட்டி ஒன்று தயார் செய்து வருகிறேன். தீக்குச்சி, விசில், சின்னக் கத்தி, கட்டுத்துணி எல்லாம் அடங்கிவிட்டன. தண்ணீர் விஷயத்தில்தான் சிக்கல். டப்பாவோடு வந்த பை மெல்லிய பிளாஸ்டிக். வாயில் ஜிப் பூட்டு, மேலே கயிறு கோக்க ஓட்டை. விரித்தால் 1 லிட்டர் கொள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கூடவே ஒரு பட்டை குளோரின் மாத்திரை.

தேவைப்படும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இப்போதே தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் ஈரம். ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில்தான் நனைகிறது. பையில் அளவுக்கோடும் இல்லை. வழிய நிரப்பினால் 1 லிட்டரைத் தாண்டுகிறது, அப்போது மாத்திரைக் கணக்கு என்ன ஆகும்? ஆழமில்லாத தண்ணீரில் அமுக்கினால் வாய் ஒட்டிக்கொண்டு கால் பைகூட நிரம்ப மறுக்கிறது.

இதையே சரிசெய்யலாமா, வேறு வாங்க வேண்டுமா? டப்பா இதைவிடப் பெரிதாகக் கூடாது. மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டால் எந்தத் தண்ணீரையும் குடிக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபை:
மடிப்பில் நனைகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மெல்லிய படலத்தை ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இறுக்கி மடித்தால் அங்கே ஊசிமுனை அளவு வெடிப்பு விழும். இரண்டு மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் இடம்தான் முதலில் போகும். பையின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, காகிதத் துண்டின் மேல் கிடத்தி மெல்ல அழுத்துங்கள். ஈரப்புள்ளி விழும் இடத்தில்தான் ஓட்டை.

வெளியே ஒட்டுநாடா ஒட்டலாம், கொஞ்சம் தாங்கும். ஆனால் அதை நம்பிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு மடிப்பு போன பையில் பக்கத்து மடிப்பும் போகத் தயாராகத்தான் இருக்கும். அதைப் பழகிப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டு பெட்டிக்குப் புதிதாக இரண்டு பை போடுங்கள். ஒன்று அழுக்குத் தண்ணீரை அள்ளித் தெளியவைக்க, இன்னொன்று சுத்திகரித்த தண்ணீருக்கு மட்டும். இரண்டையும் ஒரே பையில் செய்தால் ஜிப் பள்ளத்தில் தங்கிய அழுக்கு நீர் குடிக்கும்போது நேராக வாய்க்குள் போகும்.

புதுப் பையை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி டப்பாவின் ஓரத்தில் செருகுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டியைப் போட்டு வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் பையும் கெடும், மாத்திரையும் வீரியம் இழக்கும்.

நீர்ச்சோதனை:
தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்பதால் அளவு பற்றிச் சொல்கிறேன். இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கோ இதுதான் முதல் கவலை. மாத்திரை தனியாக எதையும் சுத்தம் செய்வதில்லை, இத்தனை தண்ணீருக்கு இத்தனை மருந்து என்ற கணக்குதான் சுத்தம் செய்கிறது. ஒன்றரை லிட்டர் பையில் 1 லிட்டருக்கான மாத்திரையைப் போட்டால் செறிவு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். குளோரின் வாசனை வரத்தான் செய்யும், போதிய அளவு இருக்காது.

வீட்டில் அளவுக் குவளையால் சரியாக 1 லிட்டர் ஊற்றி, பையைக் கயிற்றில் தொங்கவிட்டு, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெளிப்பக்கமாக அழியாத மையால் கோடு போடுங்கள். தொங்கவிட்டுத்தான் போட வேண்டும். தரையில் வைத்தால் பை பிதுங்கி மட்டம் மாறிவிடும். அரை லிட்டருக்கும் ஒரு கோடு போடுங்கள்.

அடுத்து மாத்திரைப் பட்டையைப் படியுங்கள். சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட் என்று எழுதியிருக்கும், தண்ணீரில் குளோரினை விடும் மருந்து அதுதான். இதில் 1 லிட்டருக்கான மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கான மாத்திரையும் உண்டு. பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைதான். இடத்தை மிச்சப்படுத்தப் பட்டையை வெட்டும்போது அளவும் காலாவதித் தேதியும் அச்சடித்த பகுதி போய்விடாமல் பாருங்கள். அந்த வரிகளை நறுக்கி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. மாதிரி எடுக்கும் கிருமியற்ற பைகளைச் சிலர் இதற்கு வாங்குகிறார்கள். மெல்லியவை, வாயில் கம்பி இருப்பதால் விரித்தபடி நிற்கும், நல்ல தேர்வுதான். ஆனால் குளோரின் கலந்த நீரைச் சேகரிப்பதற்கென்று வரும் வகையில் உள்ளே சோடியம் தயோசல்பேட் வைத்திருப்பார்கள். குளோரினை முறிப்பதுதான் அதன் வேலை. நீங்கள் போடும் மாத்திரையையும் அது முறித்துவிடும். உள்ளே எதுவும் இல்லாத வெறும் பையாகப் பார்த்து வாங்குங்கள்.

கூடாரவாசி:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு ஸ்டீல் பிளாஸ்க் வைத்துக்கொண்டால் அப்படியே நெருப்பில் வைத்துக் கொதிக்கவைத்துவிடலாமே. கிருமி எல்லாம் போய்விடும்.

பழையபை:
நண்பரே, கொதிக்கவைப்பது சரி, பிளாஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு காக்கும் பாட்டிலுக்கு இரண்டு சுவர், நடுவே மூடிய இடைவெளி. நெருப்பில் வைத்தால் அந்த இடைவெளியில் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலாக இருக்க வேண்டும், உள்ளே பூச்சு இருக்கக் கூடாது, மூடியைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பில் வைக்க வேண்டும்.

கேட்டவரின் தகர டப்பாவையே பாத்திரமாக்கலாம். ஒரு தடவைக்குச் சில மிடறுதான் கிடைக்கும், இருந்தாலும் மாத்திரை தீர்ந்த நிலையில் அது பெரிய விஷயம். மூடியில் ரப்பர் விளிம்பு இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். குமிழி தளதளவென்று எழுந்த பிறகு 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே 3 நிமிடம். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் விறகும் தண்ணீரும்தான் வீண்.

மலைப்பாதை:
அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. காகிதத்தில் வைத்துப் பார்த்தேன், குறுக்கு மடிப்பு சந்திக்கும் இடத்திலேயே புள்ளி விழுந்தது. புதுப் பைகளுக்குக் கோடும் போட்டாயிற்று. பட்டையில் 1 லிட்டருக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது.

இப்போது இரண்டு கேள்வி. கலங்கலான தண்ணீருக்கு மாத்திரையை இரண்டாகப் போட்டால் போதுமா? அப்புறம், பையை நிரப்புவது எப்படி?

நீர்ச்சோதனை:
தம்பி, மாத்திரையைக் கூட்டும் முன் கலங்கலைக் குறையுங்கள். மண்ணும் இலைச் சக்கையும் குளோரினைத் தின்றுவிடும், மிச்சம்தான் கிருமிக்குப் போகும். அழுக்குப் பையைத் தொங்கவிட்டுத் தெளிய வையுங்கள், பிறகு மேல்நீரை மட்டும் நெருக்கமாக நெய்த துணியைப் பல மடிப்பாக வைத்து இரண்டாவது பைக்குள் வடியுங்கள். அதன் பிறகும் மங்கலாக இருந்தால் பட்டையில் கலங்கல் நீருக்கென்று சொல்லியிருக்கும் அளவைப் போடுங்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் குளோரின் மெதுவாக வேலை செய்யும். அரை மணி என்பதை ஒரு மணியாக்குங்கள்.

எந்தத் தண்ணீரையும் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் குளோரின் நன்றாகக் கவனித்துக்கொள்ளும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஓடு போட்டுக்கொண்டு இருப்பதால் பையில் நாம் போடும் அளவு குளோரினுக்கும் அயோடினுக்கும் அசையாது. கால்நடை மேயும் இடத்துத் தண்ணீரில் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். கொதிக்கவைத்தால் சாகும். மாத்திரையாக வேண்டுமென்றால் குளோரின் டையாக்சைடு வகை. அதற்கும் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்த நேரம் முழுக்கப் பையை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கண்ணாடி போன்ற பையாக இருந்தால் சட்டைக்குள் சுற்றி வையுங்கள்.

பூச்சிமருந்து, எரிபொருள், சாயக்கழிவு கலந்த நீருக்கு மாத்திரையும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது. எண்ணெய்ப் படலமோ ரசாயன வாடையோ இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

ஓடைக்கரை:
நிரப்புவது பற்றி நான் சொல்கிறேன். ஓடும் தண்ணீரானால் முதலில் வாயால் ஊதிப் பையை விரித்துவிட்டு, வாய்ப்பகுதியை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடியுங்கள், தானாக நிரம்பும். ஊதுவதும் அழுக்குப் பையில் மட்டும், அதுவும் முதல் தடவை நனைவதற்கு முன். தேங்கிய நீரில் பையை அமுக்கவே வேண்டாம். டப்பாவின் மூடியால் மொண்டு ஊற்றுங்கள். உங்கள் பழைய கசிவுப் பையின் நல்ல பக்கத்து மூலையைக் கிண்ணம் போல வெட்டி வைத்துக்கொண்டால் அது இன்னும் வசதி, எடையே இல்லை. பாறை இடுக்கில் வெறும் ஈரம்தான் இருக்கிறது என்றால் துணியை ஒற்றிப் பிழியலாம்.

வாய் ஒட்டாமல் இருக்கக் கெட்டியான காகித அட்டையை வளையமாகச் செருகச் சொல்வார்கள். நனைந்ததும் ஊறிப்போகும். பிளாஸ்டிக் மூடியிலிருந்து வெட்டிய பட்டை வளையம் நிற்கும்.

கூடாரவாசி:
சின்ன வடிகட்டி ஒன்று கிடைக்கிறதே, பையில் திருகி அமுக்கினால் தண்ணீர் வரும். அது இருந்தால் மாத்திரையே வேண்டாமா?

ஓடைக்கரை:
குழல் இழை வடிகட்டியைச் சொல்கிறீர்கள். அதில் பெரும்பாலானவற்றின் துளை 0.1 மைக்ரான். பாக்டீரியா, ஜியார்டியா, அந்தக் கிரிப்டோஸ்போரிடியம் மூன்றும் நின்றுவிடும். வைரஸ் அதைவிடச் சிறியது, புகுந்து போய்விடும். குளோரின் எதில் தோற்கிறதோ அதில் வடிகட்டி ஜெயிக்கும், வடிகட்டி எதில் தோற்கிறதோ அதில் குளோரின் ஜெயிக்கும். அதனால் வடிகட்டிவிட்டு மாத்திரையும் போடுவது நல்ல ஜோடி. ஒரு முறை நனைந்த வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. உறைபனி இரவில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்டவரின் டப்பாவுக்குள் இது அடங்காது.

இன்னொரு விஷயம், திருகு மூடி உள்ள பை வாங்குபவர்களுக்கு. மாத்திரை போட்டுக் குலுக்கியதும் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பையைச் சாய்த்து, மருந்து கலந்த தண்ணீர் திருகு மரையை நனைத்து வழியும்படி விடுங்கள். ஜிப் பையானால் பூட்டின் பள்ளத்தையும் அதே போல நனைக்க வேண்டும். அதன் பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

புதியவன்:
இடையில் ஒரு கேள்வி. பழைய பெட்டிகளில் தண்ணீருக்கு ஆணுறை வைத்திருப்பார்களாம், உண்மையா? அயோடின் மாத்திரையும் ஒருவர் கொடுத்தார்.

பழையபை:
உண்மைதான். மசகு போடாத வகை, 1 லிட்டர் வரை கொள்ளும். காலுறைக்குள்ளோ சட்டைக் கைக்குள்ளோ வைத்துத் தூக்க வேண்டும், இல்லையென்றால் முள் பட்டதும் முடிந்தது. கோடு போட முடியாது, வாயைக் கட்டுவதும் சிரமம். பை கிடைக்கும்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

நீர்ச்சோதனை:
அயோடினைக் கர்ப்பிணிகளும் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். அதன் சுவை பிடிக்காமல் வைட்டமின் சி மாத்திரையோ பழச்சுவைப் பொடியோ சேர்ப்பார்கள். காத்திருக்கும் நேரம் முழுதாக முடிந்த பிறகுதான் சேர்க்கலாம். முன்னாலேயே போட்டால் அயோடின் அந்த இடத்திலேயே செயலற்றுப் போகும், தண்ணீர் தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும், கிருமியும் இருக்கும். குளோரினுக்கும் இதே கதைதான்.

மலைப்பாதை:
எல்லாருக்கும் நன்றி. இப்போது டப்பாவில் சுருட்டிய பை இரண்டு, வெட்டிய மூலைக் கிண்ணம், பட்டையோடு குளோரின் மாத்திரை, கொஞ்சம் குளோரின் டையாக்சைடு மாத்திரை, வடிகட்டத் துணி. எல்லாம் அடங்குகிறது. கடைசியாக ஒன்று: பழகிப் பார்த்த பையை மறுபடி எடுத்து வைக்கும்போது பூஞ்சை வராமல் எப்படிக் காயவைப்பது? உள்ளே துடைக்கக் கை போகவில்லை.

பழையபை:
மாத்திரை கலந்த தண்ணீரால் ஒரு முறை அலசிக் கொட்டிவிட்டு, வாயில் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைச் செருகித் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். மூலைகளில்தான் துளி தங்கும். சுத்தமான காகிதத் துண்டை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள். தொட்டால் சில்லிடாத வரை காத்திருந்து, அப்புறம் சுருட்டுங்கள்.