நாடுகளை ஒப்பிட்டு பையருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசிங் (ஆர்டர்களைப் பின்தொடர்ந்து கவனிக்கும்) வேலை. இந்தியா, வங்கதேசம், வியட்நாம் மூன்றையும் ஒப்பிட்டு ஜெர்மன் பையருக்கு (நம்மிடம் சரக்கு வாங்குபவருக்கு) இரண்டு பக்கம் எழுத வேண்டும். இலக்கணம் ஓரளவு வரும். எண்கள் வந்தால்தான் வாக்கியம் தடுமாறுகிறது. எதில் கவனம் வைக்க வேண்டும்?

பதில் 1:
முதலில் சதவீதத்தைச் சரி பண்ணுங்க. வரி 12%-லிருந்து 9% ஆனால் அது 'த்ரீ பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' குறைவு. 'த்ரீ பர்சென்ட்' என்று எழுதினால் 12-ல் 3% போய் 11.64% ஆனதாக அர்த்தம். 'ரோஸ் பை 8%' என்றால் 8% கூடியது. 'ரோஸ் டு 8%' என்றால் 8%-க்கு வந்து நிற்கிறது. 'த்ரீ டைம்ஸ் மோர் தேன்' வேண்டாம், மூன்று மடங்கா நான்கு மடங்கா என்ற குழப்பம் வரும். 'த்ரீ டைம்ஸ் அஸ் மச் அஸ்' என்றே போடுங்க.

லட்சம், கோடி அங்கே புரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். 1,25,00,000 என்பதை 12,500,000 என்று பிரிக்கணும். ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். ஒரு பீஸ் விலையை 1.250 என்று மூன்று தசமம் போட்டால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிக்க இடம் உண்டு. 1.25 போதும்.

பதில் 2:
அட்டவணைத் தலைப்பில்தான் பெரிய பிழை ஒளிந்திருக்கும். நம் நிதியாண்டு ஏப்ரல்–மார்ச், வங்கதேசத்துக்கு ஜூலை–ஜூன், வியட்நாமுக்கு ஜனவரி–டிசம்பர். மூன்றுக்கும் ஒரே ஆண்டைப் போட்டுவிட்டு 'இன் த சேம் பீரியட்' என்று எழுதினால் அது தப்பு. காலத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஏற்றுமதி எண் பொதுவாக எஃப்ஓபி (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பு), ஐரோப்பிய இறக்குமதி எண் சிஐஎஃப்; சிஐஎஃப்-ல் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்வதால் இரண்டும் பொருந்தாது. ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) என்றால் நாமினலா (நடப்பு விலையில்), பிபிபியா (வாங்கும் சக்தியைச் சமன்செய்து) என்று சொல்லியே ஆகணும்.

வரி பற்றி எழுதும்போது 'இஸ் டியூட்டி-ஃப்ரீ' என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியட்நாமின் ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. ஆனால் சலுகை வேண்டுமென்றால் துணி எந்த நாட்டில் தயாரானது என்பதும் விதிக்குள் ('ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்') வரணும். சீனத் துணியைத் தைத்து அனுப்பினால் கிடைக்காது. வங்கதேசத்துக்கு உள்ள சலுகையில் இறக்குமதித் துணியில் தைத்தாலும் செல்லும். அதனால் 'எலிஜிபிள் ஃபார் ப்ரிஃபரன்ஷியல் டியூட்டி, சப்ஜெக்ட் டு ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' என்பதே சரியான வாக்கியம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. நம் பலத்தைச் சொல்லும் பகுதிக்கு 'அவர் ப்ரைஸ் இஸ் சீப்', 'லீட் டைம் (சரக்கு தயாராக ஆகும் காலம்) 90 டேஸ்' என்று எழுதியிருக்கேன். சரியா?

பதில் 3:
'சீப்' எடுத்துவிடுங்க, மட்டமான சரக்கு என்ற வாடை அடிக்கும். 'காம்பெட்டிடிவ்லி ப்ரைஸ்ட்' போடலாம். 90 நாள் எதிலிருந்து? பிஓ (ஆர்டர் ஆவணம்) தேதியிலிருந்தா, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவலிலிருந்தா? அது இல்லாவிட்டால் பின்னால் தாமதமாகும்போது ஏர் ஷிப்மென்ட் (விமானத்தில் அனுப்பும்) செலவு யார் தலையில் என்ற சண்டைதான். '90 டேஸ் ஃப்ரம் பிபி சாம்பிள் அப்ரூவல், எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முழுசா எழுதுங்க (இன்கோடெர்ம்ஸ் என்பது சர்வதேச வணிக விதிமுறைச் சொற்கள்). மெயிலில் 'ப்ளீஸ் ரிவர்ட்' வேண்டாம். அங்கே அதற்குப் 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று பொருள். 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' போதும்.

பழக ஒரு வழி: யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம்) வெளியிடும் செய்திக் குறிப்பில் பத்து வாக்கியம் எடுத்து, எண்களை மட்டும் நீக்கிவிட்டு உங்கள் எண்களை வைத்து எழுதிப் பாருங்க.