தோடியும் பியானோவும்: மரபுகள் சேரும்போது விட்டுக்கொடுப்பது யார்?

தம்புரா:
நேற்று ஒரு கூட்டுக் கச்சேரிப் பதிவு கேட்டேன். வீணையும் பியானோவும். எடுத்துக்கொண்ட ராகம் தோடி. வீணைக் கலைஞர் கைதேர்ந்தவர்தான், ஆனால் பியானோ சேர்ந்த இடத்திலிருந்து காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைக்காமல் நேராகப் பிடித்துவிட்டார். காந்தாரம் அப்படி நின்றுவிட்டால் அப்புறம் தோடி எங்கே? கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்தியமத்துக்கும் நடுவே அது ஆடுகிற ஆட்டத்தில்தான் ராகமே இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுருதி அங்கேயே நிற்கும், வளைக்க வழியில்லை. அதனால் வளையத் தெரிந்தவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 'சங்கமம்' என்ற பெயரில் நடப்பதெல்லாம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வில்:
தம்புரா, நீங்கள் கேட்கிற பாட்டுக் கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வயலின்தானே? பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர்களின் கருவியைக் கற்றுக்கொண்டதால் வந்தது அது. அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. அதனால் அவருடைய தோடி கெட்டுப்போயிற்றா? அவர் இயற்றிய கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைத் தொகுப்பின் தொடக்கமான தியான கீர்த்தனை தோடியில்தான் இருக்கிறது. ஒரு தடவை பாடிப் பாருங்கள்.

தம்புரா:
அது கூட்டு இல்லை ஐயா, சுவீகாரம். வயலின் வந்தது, அதை வாசித்த ஐரோப்பியர் மேடைக்கு வரவில்லை. தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் சாய்த்து, தந்திகளுக்கு ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து அதை நம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். நோட்டுஸ்வரத்தில் (நீங்கள் சொன்ன ஐரோப்பிய மெட்டுப் பாடல்களில்) கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைப்பதற்கு, வேலை இல்லை. தீட்சிதர் அதைத் தனியாக வைத்தார், தோடிக்குள் கொண்டுவரவில்லை. உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் பேசுகிறது.

மிருதங்க மாணவி:
நான் வாசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். பல்கேரிய நாட்டுப்புற இசைக் கலைஞர் ஒருவர் தபான் கொண்டுவந்தார். பெரிய மேளம், ஒரு முகத்துக்குத் தடித்த குச்சி, இன்னொன்றுக்கு மெல்லிய குச்சி. "ஏழு" என்றார். நமக்குத்தான் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு அத்துப்படி ஆயிற்றே என்று 'தகிட தகதிமி' (மூன்று முதலில், நாலு பின்னால்) ஆரம்பித்தேன். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) முட்டிக்கொண்டது. அவர்களுடைய ருசெனித்சா என்ற நடனத் தாளத்தில் நீளமான அடி கடைசியில் வரும்: இரண்டு, இரண்டு, மூன்று. இருவருமே ஏழைச் சரியாகத்தான் எண்ணினோம், அழுத்தம் விழுகிற இடம்தான் வேறு.

பேசாமல் எட்டுக்கு மாறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தம்புரா சொல்கிற விட்டுக்கொடுத்தல் அதுதான். ஆனால் இருவரும் வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கைதட்டியே எண்ணினோம். அப்போதுதான் உறைத்தது. 'தகதிமி தகிட'! நாலு முதலில், மூன்று பின்னால். சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாப்பு. பாடத்தில் படித்திருந்தேன், கைக்கு வந்ததே இல்லை. நம் மரபில் இருக்கிற ஒன்று வேற்று மரபுக்காரர் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் என் விரலுக்கு வந்தது. நான் எதையும் இழக்கவில்லை.

கேட்பவன்:
எல்லாரும் சுருதி, தாளம் என்றே பேசுகிறீர்கள். யார் பெயர் போடப்படுகிறது, யாருக்குப் பணம் போகிறது என்பதும் விட்டுக்கொடுத்தல்தானே? சாலமன் தீவுகளில் அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் பதிவு செய்து வைத்திருந்தார். 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற குழு அதன்மேல் நடனத் தாளம் போட்டு விற்றது. பாடியவர் பெயர் இல்லை. செம்ப் பிறகு கண்டித்து எழுதினார். எதிரில் ஆளே இல்லாமல் செய்த கலப்பு அது. மாணவி சொன்னதோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

வில்:
அதேதான். தம்புரா, மேற்கத்தியர் வளையவே மாட்டார் என்கிறீர்கள். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினைப் பாருங்கள். முதலில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய சக்தி குழுவுக்காகத் தன் கிட்டாரையே மாற்றினார்: தந்தியை அழுத்தி வளைக்கும்படி, விரல் வைக்கும் இடத்தில் பதித்த மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்கே அனுதந்திகளும் (தானாகவே கூட அதிரும் தந்திகளும்) கட்டிக்கொண்டார். விநாயக்ராமின் கடத்துக்கும் ஜாகிர் உசேனின் தபலாவுக்கும் எதிரில் உட்கார அவ்வளவு தேவைப்பட்டது. 1993இல் வெளிவந்த இசைத்தட்டுக்காகக் கிட்டார் கலைஞர்கள் விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்தபோது இந்தச் சிக்கலே இல்லை, இருவரும் தந்திமேல் ஒரு துண்டை வழுக்கி வாசிப்பவர்கள்.

தம்புரா:
மெக்லாஃப்லினை ஒப்புக்கொள்கிறேன். கருவியைச் செதுக்கும் அளவுக்கு ஒருவர் இறங்கி வந்தால் எனக்கு வழக்கே இல்லை. நடப்பதெல்லாம் விட்டுக்கொடுத்தல்தான் என்று எழுதியது தவறு. ஆனால் நேற்றைய பதிவை மன்னிக்க மாட்டேன். பியானோதான் என்றால் அசைவு அவ்வளவு தேவைப்படாத ஹம்சத்வனி மாதிரி ஏதாவது ராகம் எடுத்திருக்கலாம். தோடிதான் வேண்டும் என்றால் எதிரில் செல்லோவை வைத்திருக்கலாம், அதில் மெட்டுக் கம்பி இல்லை, விரல் நகரும். இதைக்கூட யோசிக்காமல் மேடை ஏறியதுதான் என் கோபம்.

மாணவி, அந்த விலோம சாப்புப் பதிவு இருக்கிறதா?

மிருதங்க மாணவி:
கைபேசியில் எடுத்தது இருக்கிறது. இன்று இரவு ஏற்றுகிறேன். முதல் நாலு நிமிடம் இருவரும் தேடிக்கொண்டிருப்பதுதான் கேட்கும். அதையும் வெட்டாமல் போடுகிறேன்.